சைகோன் வண்டியும் சித்தியின் கையும்

எங்கள் வீட்டுக்கு வந்த முதலும் கடைசியுமான மோட்டார் காரை இரண்டு காளை மாடுகள் இழுத்துக்கொண்டு வந்தன. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வேலியோரம் வந்து நின்று சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. காருக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து, மாடுகள் எந்தப் பக்கம் போகின்றனவோ அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். பதிவு எண் வாங்காத கார் அரசாங்கச் சாலையில் ஓடக் கூடாது என்பது சட்டம். மாடு இழுத்துப் போனால் அது கார் இல்லை, சாமான். சட்டத்தில் இப்படி ஓர் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தவர் சித்தப்பாதான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, அவர் மனைவி சித்தி. அப்பா ரயில்வே அலுவலகத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. சித்தப்பா சரக்குக் கொட்டகையில் சின்னக் கிராணி. நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது சித்தப்பா அரைக்கால் சட்டை போட்ட பையன். தாய் தகப்பன் இல்லாத அவரை அப்பாதான் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, படிக்க வைத்து, வேலை வாங்கிக் கொடுத்து, கிள்ளானில் பெண் பார்த்துக் கட்டியும் வைத்தார். இதை அப்பா ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டாததனாலேயே எல்லோருக்கும் அது எப்போதும் நினைவில் இருந்தது.

சித்தி கிள்ளானில் மளிகைக் கடைக்குள்ளேயே வளர்ந்தவள். வாய் ஓயாமல் பேசுவாள். சிரித்தால் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் கேட்கும். ஆனால் வாசலில் அப்பாவின் காலணிச் சத்தம் கேட்டுவிட்டால் சித்தி என்று ஓர் ஆள் அந்த வீட்டில் இல்லாமல் போய்விடுவாள். கணவனின் அண்ணன் மூத்தார். மூத்தார் முன்னால் தம்பி மனைவி உட்காரக் கூடாது, பேசக் கூடாது, முகத்தை நேராகப் பார்க்கக் கூடாது. அவர் வந்தால் எழுந்து உள்ளே போக வேண்டும்; போக இடமில்லை என்றால் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பி நிற்க வேண்டும். மற்ற வீடுகளில் இந்த வழக்கமெல்லாம் மலாயாவுக்கு வரும் வழியிலேயே பாதி கடலில் விழுந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு மட்டும் நனையாமல் வந்து சேர்ந்தது. சித்திக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவள் அம்மா.

அதனால் எனக்கு வீட்டில் ஓர் உத்தியோகம் இருந்தது. "சோறு ஆயிடுச்சுன்னு சொல்லு பாப்பா" என்று சமையல்கட்டிலிருந்து சித்தி சொல்வாள். கூடத்தில் இருக்கும் அப்பாவுக்கு அது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் போய், "சோறு ஆயிடுச்சாம்பா" என்று சொன்ன பிறகுதான் எழுந்திருப்பார். "கொழம்புல உப்புக் கொஞ்சம் கம்மின்னு சொல்லு" என்பார் சுவரைப் பார்த்து. நான் அதையும் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். இரண்டு பேருக்கும் காது உண்டு, வாயும் உண்டு, நடுவில் நான் எதற்கு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தி அரைக்கும் மசாலாத்தூளுக்குக் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் நல்ல பேர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பாவும் சித்தியும் தகர டின்களில் தூளை அடைத்து எடுத்துக்கொண்டு ரயிலேறிப் போவார்கள். ஆனால் ரயில் நிற்கும் இடத்துக்கும் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்கும் நடுவே வெயிலில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். இரண்டு தோட்டம் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஒரு சின்னக் கார் இருந்தால் தோட்டம் தோட்டமாகப் போகலாம், கிள்ளானில் ஒரு வீடு பிடித்து அங்கேயே தொழிலை வைத்துக்கொள்ளலாம், சரக்குக் கொட்டகை வேலையை விட்டுவிடலாம் என்று சித்தப்பா கணக்குப் போட்டார். காருக்குப் பதிவு எண் கிடைத்த மறுநாள் ராஜினாமா. இதை அவர் ஒளிக்கவில்லை. அப்பாவிடமே சொன்னார்.

கிள்ளானில் பார்த்துவைத்திருந்த அந்த வீட்டைப் பற்றிச் சித்தி எனக்கு நிறையச் சொல்லியிருக்கிறாள். முன்னால் மசாலா காயவைக்க சிமெண்டுத் தரை, பின்னால் குழாய், ஜன்னலைத் திறந்தால் ஆறு. ஒருநாள் என் தலையைப் பின்னிக்கொண்டே, "அந்த வூட்டுல நான் நெனச்ச நேரத்துக்குச் சிரிப்பேன் பாப்பா" என்றாள். இப்போதும்தான் சிரிக்கிறாள், அதற்கு ஏன் கிள்ளான் வரை போக வேண்டும் என்று நான் கேட்டேன். என் மண்டையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள்.

கோலாலம்பூர்க் கடைகளில் இருந்த இங்கிலீஷ் கார்களைச் சின்னக் கிராணி கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். ஆனால் சித்தப்பாவுக்குக் காரைக்கால்காரர் ஒரு சிநேகிதர் இருந்தார். பிரெஞ்சுக்காரன் ஆளும் சைகோனில் அரசாங்க வேலை. அவருடைய மேலதிகாரி சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன சின்னஞ்சிறு பிரெஞ்சுக் காரைக் கிடைத்த விலைக்குப் பேசி, கப்பலேற்றி அனுப்பிவைத்தார். அது சிங்கப்பூரில் கப்பல் மாறி, கிள்ளான் துறைமுகத்தில் வந்து இறங்கியது. இறங்கிய பிறகுதான் சித்தப்பாவுக்கு விஷயமே புரிந்தது.

வெள்ளைக்காரன் செய்த கார் எல்லாம் ஒன்றுதான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். சுங்கத்துக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் பிறந்த கார் வீட்டுப் பிள்ளை. வெளியே பிறந்தது அந்நியன். அதற்குத் தீர்வை தனி, சந்தேகமும் தனி. கடைக்காரன் மொத்தமாக இறக்கினால் ஒரு வழி, தனி மனிதன் ஒற்றைக் காரை இறக்கினால் வேறு வழி. சரக்கு ரசீது கேட்டார்கள். எஞ்சின் எத்தனை குதிரைச் சக்தி என்று கேட்டார்கள். காருடன் வந்த தாள்களோ பிரெஞ்சு மொழியில் இருந்தன. அவற்றை இங்கிலீஷில் எழுதி, பொறுப்பான ஒருவர் கையெழுத்தோடு கொண்டு வா என்றார்கள்.

கோலாலம்பூரில் பிரெஞ்சு தெரிந்தவனுக்கு எங்கே போவது? சித்தப்பா நெற்றி நிறைய விபூதியோடு நேரே மாதா கோயிலுக்குப் போனார். அங்கிருந்த சாமியார் பிரெஞ்சுக்காரர்; புதுச்சேரியில் தமிழ் படித்துவிட்டு மலாயாவுக்கு வந்தவர். தாள்களைக் கண்டதும் அவருக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டதாம். இரண்டு நாளில் எழுதிக் கொடுத்தார். பிறகு கார் வந்ததும் ஒருநாள் எங்கள் வீட்டுக்கே சைக்கிளில் வந்து, அதன் மூக்கைத் தடவிக் கொடுத்து, "இது என் மாமா மகன் வைத்திருந்த ஜாதி வண்டி. மிகவும் பிடிவாதம் உள்ளது" என்று எழுத்துத் தமிழில் சொல்லிவிட்டுப் போனார். ஊர்விட்டு ஊர் வந்து தம் ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷம் அது. காருக்கு அந்த ஊரில் கிடைத்த ஒரே நல்ல வார்த்தையும் அதுதான்.

கடைசியாக, நிரந்தர அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்றார்கள். நின்றால் குறிப்பிட்ட ஒரு சனிக்கிழமை வரை காரை வெளியே விடுவார்கள். அதற்குள் போலீஸ் சோதனை முடிந்து பதிவாக வேண்டும். ஆகாவிட்டால் வந்த வழியே திருப்பிக் கப்பலேற்றிவிட வேண்டும். சித்தப்பா இதைச் சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அப்பா பேனாவை எடுத்துக் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டார். சித்தப்பா அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அப்பா தோட்டத்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தம்பி போயிட்டா இந்த வூட்டுல என்னா இருக்கு?" என்றார் அப்பா.

"ஏன், நாங்க இல்லையா?" என்றாள் அம்மா.

அப்பா அடுத்த செடிக்குப் போனார். ஊற்றிய செடிக்கே மறுபடியும் ஊற்றினார்.

போலீஸிலிருந்து மோட்டார் வண்டிகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் வந்தார். நெடுநெடுவென்று வளர்ந்த வெள்ளைக்காரர். கூட மொழிபெயர்க்க ஒரு மலாய்க்கார கார்ப்பரல். இன்ஸ்பெக்டர் காரை மூன்று சுற்றுச் சுற்றினார். வேகம் காட்டும் முள் கிலோமீட்டரில் காட்டுகிறது, மைலில் காட்ட வேண்டும் என்றார். சித்தப்பா கணக்குப் போட்டு, காகிதத்தில் மைல் எண்களை எழுதி வெட்டி, கண்ணாடிமேல் ஒட்டிவிட்டார். பின் விளக்கு போதாது என்றார். சித்தப்பா பழைய இரும்புக்கடையில் ஒரு விளக்கு வாங்கி வைத்தார். ஹாரன் ஆட்டுக்குட்டி மாதிரி கத்துகிறது என்றார். அதையும் மாற்றினார்கள். இப்படி ஒவ்வொன்றாகத் தாண்டிய பிறகுதான் இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது.

"தா போலே" என்றார் கார்ப்பரல் தலையை ஆட்டி. முடியாது என்று அர்த்தம். அது எங்களுக்கே தெரியும்.

ஏன் முடியாது என்பதை இன்ஸ்பெக்டர் பொறுமையாகவே விளக்கினார். திரும்புமுன், ஓட்டுகிறவன் வலக்கையை வெளியே நீட்டிப் பின்னால் வருபவனுக்குக் காட்ட வேண்டும். இந்தக் காரில் ஓட்டுகிறவன் இடது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவன் வலக்கையை நீட்டினால் பக்கத்தில் இருப்பவன் மூக்கில்தான் இடிக்கும். ஸ்டியரிங்கை வலது பக்கம் மாற்றிக்கொண்டு வா, இல்லாவிட்டால் விட்டுவிடு என்றார். பட்டறையில் கேட்டதற்கு, காரையே இன்னொன்று வாங்கிவிடலாம் என்றார்கள்.

சித்தப்பா இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தார். மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டரைத் தேடிப் போய், கை காட்ட வேண்டும் என்றுதானே சட்டத்தில் இருக்கிறது, அது யாருடைய கை என்று இருக்கிறதா என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். வலது பக்கத்தில் ஓர் ஆள் எப்போதும் உட்கார்ந்து தவறாமல் கை காட்டுவதாக இருந்தால், அதை நானே பின்னால் வந்து பார்த்துத் திருப்தியானால், எண் தருகிறேன் என்றார். யாரோ ஓர் ஆம்பளை ஆளைக் கூட்டி வருவார் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால் மசாலாத்தூளில் வரும் லாபம் அந்தக் கைக்கே போய்விடும். எப்படியும் தோட்டம் தோட்டமாகக் கூடவே வரப்போகிறவள் சித்தி. காரின் வலது கை அவள்தான் என்று முடிவாயிற்று.

வீட்டுப் பின்னால் கல்முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்த காரில் ஒத்திகை ஆரம்பித்தது. சித்தப்பா ஓடாத காரை ஓட்டுவார். சித்தி வலது பக்கம் உட்கார்ந்திருப்பாள். "ரைட்டு" என்றால் கையை நேராக நீட்ட வேண்டும். "மெதுவா" என்றால் மேலும் கீழும் ஆட்ட வேண்டும். "லெஃப்டு" என்றால் கையை நீட்டி வட்டமாகச் சுற்ற வேண்டும்.

"மாவாட்டுற மாதிரிதானே?" என்றாள் சித்தி.

"ஆமா, மாவாட்டுற மாதிரிதான். ஆனா ஒலக்கையைத் தேடாதே" என்றார் சித்தப்பா.

"ஆட்டுக்கல்லுல ஏதுங்க ஒலக்கை? இதுகூடத் தெரியாதவரு காடி ஓட்டப் போறாரு!" என்று சித்தி சிரித்த சிரிப்பில் அம்மாவே அடுப்பை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

முதலில் கை தோள் உயரத்துக்கு எழவில்லை. முழங்கை வரைதான் வெளியே வந்தது. "என்னாம்மா இது, பிச்சையா போடுறே? நல்லா நீட்டு!" என்று சித்தப்பா கத்துவார். நாளாக ஆகக் கை நீண்டது. வளையல்கள் முழங்கைப் பக்கம் சரியும் அளவுக்கு, ஒரு கம்பு மாதிரி நேராக நீட்டுவாள். சித்தப்பா சொல்லும் முன்பே எங்கே நீட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டாள். குவார்ட்டர்ஸ் பெண்கள் வேடிக்கை பார்க்க வருவார்கள். அவர்களையும் பார்த்துக் கை காட்டுவாள். அப்பா வேலையிலிருந்து வரும் நேரத்துக்கு மட்டும் ஒத்திகை முடிந்து, சித்தி சமையல்கட்டுக்குள் போயிருப்பாள்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் சோதனை என்று தீர்மானமாயிற்று. வியாழக்கிழமை சாயங்காலம் கோப்பி குடித்துக்கொண்டே அப்பா சித்தப்பாவிடம், "எந்தப் பக்கமா ஓட்டச் சொல்லிருக்கான் தொரை?" என்று கேட்டார். காரைப் பற்றி அவராக வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. சித்தப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குவார்ட்டர்ஸிலிருந்து கிளம்பி, பெரிய ரோட்டில் நேராகப் போய், கோப்பிக்கடை முச்சந்தியில் வலது பக்கம் திரும்பி, ஸ்டேஷனைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அந்த முச்சந்தித் திருப்பம்தான் முக்கியம், அதைத்தான் தொரை பார்க்கப் போகிறான் என்றார்.

"எத்தினி மணிக்கு?"

"பத்து மணிக்குண்ணே."

"ம்" என்று சொல்லி அப்பா மீதிக் கோப்பியைக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா வழக்கம்போல் கோட்டுப் போட்டுக்கொண்டு அலுவலகம் போய்விட்டார். அவர் போன பிறகு காருக்கு முன்னால் தேங்காய் உடைத்தார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். இன்ஸ்பெக்டர் மோட்டார் சைக்கிளில் வந்தார். காரின் வலது பக்கத்தில் அரக்கு நிறச் சேலையும் தலை நிறையப் பூவுமாக உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்துவிட்டுக் கார்ப்பரலைப் பார்த்தார். கார்ப்பரல் வானத்தைப் பார்த்தார். சட்டத்தில் பெண் கை கூடாது என்றும் இல்லை. சரி, கிளம்பு என்று கையைக் காட்டினார்.

அம்மாவும் நானும் குவார்ட்டர்ஸ் பெண்களும் குறுக்கு வழியாக ஓடி, முச்சந்திக்கு முன்னாலேயே இடது ஓரமாக இடம் பிடித்துவிட்டோம். தூரத்தில் கார் வருவது தெரிந்தது. கோழிக்கூட்டுக்குச் சக்கரம் வைத்தது மாதிரி இருந்தாலும் அது தன் காலிலேயே ஓடி வந்ததைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. பின்னால் கொஞ்சம் தள்ளி இன்ஸ்பெக்டரின் மோட்டார் சைக்கிள். சித்தி மெதுவாகப் போவதற்கான கையை ஆட்டினாள். பிறகு, சித்தப்பா சொல்லியிருக்கவே மாட்டார், அதற்குள் வலக்கையை முழுதாக நீட்டினாள். அவ்வளவு அழகாக ஒத்திகையில்கூட அவள் நீட்டியதில்லை. "பாத்தியா, பாத்தியா" என்று அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அப்போதுதான் அப்பாவைப் பார்த்தேன். எதிர்ப்புறம், கார் திரும்ப வேண்டிய மூலையில், கோப்பிக்கடையின் அஞ்சடி நடைபாதையை விட்டு ரோட்டு ஓரத்துக்கே இறங்கி நின்றுகொண்டிருந்தார். அதே கோட்டு, அதே குடை. இரண்டு கைகளும் குடைப்பிடிமேல் இருந்தன. காரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் சித்தியின் கையைப் பார்க்க வந்துவிட்டார் என்று எனக்கு ஒரே குதியாட்டம்.

சித்தியின் நீட்டிய கை நேராக அப்பாவின் முகத்தைச் சுட்டிக்கொண்டிருந்தது. அவளும் பார்த்தாள். கை சட்டென்று உள்ளே போயிற்று. முந்தானை தலைக்கு வந்தது. உட்கார்ந்திருக்கக் கூடாது, எழுந்து நிற்கவும் காருக்குள் இடமில்லை. அவள் அப்படியே மடங்கி இருக்கைக்குக் கீழே இறங்கிவிட்டாள். பார்த்தவர்களுக்குக் காரில் சித்தப்பா மட்டும்தான் தெரிந்தார். அவரோ கை வெளியே இருக்கிறது என்ற நம்பிக்கையில், பாதையை மட்டும் பார்த்து, இடுப்பை ஒடித்துக்கொண்டு காரை வலது பக்கம் திருப்பினார்.

கை உள்ளே போனதும், திரும்பும் எண்ணத்தை விட்டுவிட்டார்கள் என்று நினைத்து இன்ஸ்பெக்டர் காரைத் தாண்ட வலது பக்கம் ஏறி வந்திருந்தார். கார் அவர் குறுக்கே திரும்பியது. அவர் இன்னும் வலது பக்கம் ஒதுங்கினார். அதற்கு மேல் அங்கே சாக்கடைதான் இருந்தது. அடி ஒன்றும் படவில்லை. தொப்பி மட்டும் தண்ணீரில் போயிற்று.

நனைந்த காற்சட்டையோடு அவர் எழுந்து வந்தபோது சித்தப்பாவுக்கு இன்னும் என்ன நடந்தது என்று தெரியவில்லை. குனிந்து கிடந்த சித்தியிடம், "ஏன் புள்ள கையை எடுத்தே?" என்று கேட்டார்.

"அவங்க நிக்கிறாங்க" என்றாள் சித்தி தலையைத் தூக்காமல்.

சித்தப்பா திரும்பி அண்ணனைப் பார்த்தார். அப்பா இன்ஸ்பெக்டரிடம் வந்து, நல்ல இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டு, தம்முடைய கைக்குட்டையைக் கொடுத்தார். எங்கள் குடும்ப வழக்கத்தை அவருக்கு விளக்கிச் சொன்னதும் அப்பாதான். இன்ஸ்பெக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டே முழுதையும் கேட்டார். பிறகு, இந்த அம்மாளுடைய கணவருக்கு இந்த ஊரில் எத்தனை அண்ணன்கள் என்று விசாரித்தார். ஒருவர்தான் என்றார் அப்பா.

அப்படியானால் நீங்கள் எந்த ரோட்டில் நிற்கிறீர்களோ அந்த ரோட்டில் இந்தக் கார் திரும்ப முடியாது, இல்லையா என்றார் இன்ஸ்பெக்டர். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்பா குடையைக் கை மாற்றிக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை. சுங்கத்தில் கொடுத்த கெடு முடிந்தது. இன்னும் ஒரு மாதம் அவகாசம் கேட்டு அப்பாவே விண்ணப்பம் எழுதி, கிள்ளான் வரை ரயிலில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். தர முடியாது என்றுவிட்டார்கள். மறுபடியும் அதே மாடுகள் வந்தன. கார் ஸ்டேஷன் வரை சாமானாகப் போய், சரக்கு வண்டியில் ஏறி, துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்துக்கிடந்து சைகோனுக்கே திரும்பிப் போயிற்று. இந்தத் தடவை சித்தப்பா அதற்குள் உட்காரவில்லை. ராஜினாமாப் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை. சரக்குக் கொட்டகையில் அவருக்கு அடுத்த வருடம் சம்பள உயர்வு கிடைத்தது. அப்பா சொல்லி வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்ததை நான் இன்னும் சொல்லவில்லை. பிற்பகலில் பெரிய மழை பெய்து விட்டிருந்தது. சித்தி கூடத்தின் நடுவில் முறத்தைப் போட்டுக்கொண்டு மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். வாசலில் அப்பாவின் காலணிச் சத்தம் கேட்டது. சித்தி எழுந்திருக்கவில்லை. மறந்துவிட்டாளோ என்று அம்மா தொண்டையைக் கனைத்தாள், கண்ணைக் காட்டினாள். சித்தி இன்னொரு மிளகாயை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள். முந்தானை தோளிலேயே கிடந்தது.

அப்பா படியேறி வாசற்படியில் வந்து நின்றார். சித்தி நிமிர்ந்து அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"காலையில ஆபீசு இல்லீங்களா?" என்று கேட்டாள்.

அவள் அப்பாவிடம் நேராகப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். அவருக்குக் கேட்கவில்லையோ என்று, பழக்க தோஷத்தில், நான் போய், "காலையில ஆபீசு இல்லையான்னு சித்தி கேக்குறாங்கப்பா" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு படியிறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு, கோழிக்கூண்டுப் பக்கமாகப் போய்ச் சமையல்கட்டு வழியாக உள்ளே வந்தார். மறுநாளும் அப்படித்தான் வந்தார். அதற்கு அடுத்த நாளும். அது விடாமல் மழை கொட்டிய மாதம். அப்பாவின் காலணியெல்லாம் சேறு. சித்தி துடைத்த கூடம் அழுக்காகிவிடக் கூடாதென்று சுற்றிக்கொண்டு வருகிறார் என நினைத்து, அப்பா எவ்வளவு நல்லவர் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. மழை விட்டு, தரை நன்றாகக் காய்ந்த பிறகும் அவர் பின்பக்கமாகவே வந்துகொண்டிருந்தார். பழகிப்போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.